மாப்பிள்ளை சீரில் இரண்டு வெட்ஜ்

காரைக்குடியில் நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்குப் பம்ப்செட்டும் ரைஸ்மில் ஷாப்டும்தான் வரும். ஷாப்ட் என்றால் எங்களுக்குச் சுழல்கிற இரும்புத் தண்டு. கையில் பிடித்து வீசுகிற ஷாப்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அறுபதுகளின் கடைசியில், ஒரு கல்யாண வாரத்தில். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது பிட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

பள்ளத்தூர் சாத்தப்பன் செட்டியார் மலேயாவில் இருந்தபோது வாங்கிய கோல்ப் மட்டைகளை ஒரு தோல் பையோடு பட்டறைக்குக் கொண்டுவந்தார். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கானாடுகாத்தான்காரர், மலையில் தேயிலை எஸ்டேட்டில் உதவி மேனேஜர். அங்கே எல்லாரும் கோல்ப் ஆடுகிறார்களாம். அதனால் சீரோடு சீராக இந்தப் பையும்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஓட்டு ஒழுகல் பையில் இறங்கி, இரண்டு வெட்ஜ்களின் ஷாப்ட் கழுத்தோடு துருவேறி இற்றுப் போயிருந்தது. வெட்ஜ் என்பது பந்தைக் கிட்டத்தில் உயரமாகத் தூக்கிப் போடுகிற கனத்த தலை உள்ள மட்டை. செட்டியாரிடம் மாற்று ஷாப்ட்கள் இருந்தன. ஒரு ஜோடி மெல்லிசு, கண்ணாடிபோலப் பளபளப்பு. தூரம் அடிக்கிற நீள மட்டைக்கு உரியது. இன்னொரு ஜோடி தடித்தது, கனமானது, மேல்முலாம் போய் மங்கிக் கிடந்தது.

"பளபளன்னு இருக்கே, அதைப் போட்டுருங்க. சாமான் பரப்புறப்ப நம்ம தலை குனியக் கூடாது" என்றார் செட்டியார்.

நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற வெள்ளி முதல் விளக்குமாறு வரை வீட்டின் உள்முற்றமான வளவில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அதுவரை எந்தப் பொருளும் அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதில் செட்டியார் கறாராக இருந்தார்.

மெல்லிசு ஷாப்ட் வெட்ஜ் தலையில் அதைச் செருகுகிற சாக்கெட்டில் ஆடியது. பித்தளைத் தகடு சுற்றி இறுக்கினேன். பிடியை வைஸ் இடுக்கியில் கட்டி, தலையை இழுத்து விட்டேன். நடுக்கம் நிற்கவே இல்லை. தடித்ததில் அப்படியே செய்தால் இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிட்டது. எது சரி? எனக்குத் தெரியாது. கோல்ப் மைதானத்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆடுகிறவரைத்தான் கேட்க வேண்டும். அவரோ மாப்பிள்ளை, கேட்கக் கூடாத ஆள்.

மாப்பிள்ளையைப் போய்க் கேட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "உனக்கு எதுக்குய்யா அந்த வம்பு? அங்க போய் மட்டையைக் காட்டினா, பொண்ணு வீட்டுல ஒடஞ்சதை ஒட்டிக் குடுக்கிறாகன்னு ஊரே பேசும். அப்புறம் நீ இங்குட்டு வர வேண்டியதில்லை" என்றார்.

எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி முடித்துக் கொடுக்க என்னால் ஆகாது. மறுநாள் ஒரு வெட்ஜில் மெல்லிசு ஷாப்டையும் மற்றதில் தடித்ததையும் பொருத்தி, சாக்கில் சுற்றிக்கொண்டு கானாடுகாத்தான் பஸ் ஏறினேன். அந்த வீட்டு மோட்டார் எங்கள் பட்டறையில்தான் சரிசெய்தது. அதைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். வீடு முழுக்க உறவுக்கூட்டம். கிணற்றடியில் மாப்பிள்ளை தனியாக அகப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது அய்யா. தெரிஞ்சா என் வேலை போயிரும்."

அவர் உள்ளே போய் நாலைந்து பந்துகளை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக என்னைப் பொட்டலுக்குக் கூட்டிப்போனார். தன் துண்டைத் தூரத்தில் விரித்துவிட்டு வந்தார். மெல்லிசு மட்டையில் அடித்த பந்துகளில் ஒன்று முன்னால் விழுந்தது, ஒன்று துண்டைத் தாண்டிப் புதருக்குள் போனது. தடித்ததில் அடித்தவை எல்லாம் துண்டைச் சுற்றியே விழுந்தன.

"மெல்லிசுல தலை எங்க வருதுன்னு கைக்குத் தெரியலை. கிட்டக்க அடிக்கிறப்ப அது தெரியணும். எனக்கு அந்தக் கனமானதுதான்" என்றார். சொல்லிவிட்டு அதன் மங்கலைத் தடவிப் பார்த்தார். "இதைப் பரப்பி வச்சா எங்க ஆத்தா என்ன சொல்லுவாகளோ."

"அதுக்குத்தான் செட்டியார் பயப்படுறாக."

"அப்ப பளபளப்பானதையே போட்டுருங்க. நான் சமாளிச்சுக்கிறேன். மாமா முகம் வாடக் கூடாது."

அப்போது பின்வாசலில் அவருடைய தாயார் கூப்பிடும் குரல் கேட்டது. சாக்கைச் சுருட்டிக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். எது சரி என்று கண்ணால் பார்த்த பிறகு மெல்லிசு ஷாப்டைப் போட எனக்கு மனம் வரவில்லை. பட்டறைக்கு வந்து, இரண்டு வெட்ஜ்களிலும் கனமான ஷாப்டையே பொருத்தினேன். மெருகேற்றுகிற பப்பிங் வீலில் எவ்வளவு தேய்த்தும் வெள்ளையாக வரவில்லை. மதுரைக்கு அனுப்பி முலாம் பூச நேரமில்லை.

பரப்புகிற அன்று காலையில்தான் பையைப் பள்ளத்தூர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். செட்டியார் வெட்ஜை உருவிப் பார்த்தார். "என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்கே?" என்று பல்லைக் கடித்தார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் படியேறிவிட்டார்கள். நான் தூண் ஓரமாக ஒதுங்கினேன்.

மாப்பிள்ளையின் தாயார் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அந்தப் பையின் முன் நின்றார். ஒரு வெட்ஜை எடுத்துத் திருப்பினார். "எல்லாம் பளிச்சுனு இருக்கு. இதுக மட்டும் என்ன, அடுப்புல கெடந்த மாதிரி?"

 வளவில் அத்தனை பேரும் செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தான் ஆத்தா கேட்டேன்" என்றார் மாப்பிள்ளை. "இந்த மாதிரிக் கனமானது இப்பக் கெடைக்காது. மாமா தேடிக் குடுத்திருக்காக."

அந்த அம்மாள் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

பெண்ணை அனுப்பிவைத்த மறுநாள் செட்டியார் பட்டறைக்கு வந்தார். முதலாளி எழுந்து நின்றார். எனக்கு அன்றோடு கணக்குத் தீர்ந்தது என்று ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கே" என்றார் செட்டியார்.

"ஆமா அய்யா."

"குலம் கோத்திரம் பாத்தேன், வீடு வாசல் பாத்தேன். அவருகிட்ட நான் தனியா ஒரு வார்த்தை பேசினதில்லை. நீ பேசியிருக்கே. எப்படிப்பட்ட ஆளுய்யா?"

"மெல்லிசு தனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சும், உங்க முகம் வாடக் கூடாதுன்னு அதையே போடச் சொன்னாக அய்யா. நாந்தான் கேக்கலை."

செட்டியார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுல ஆச்சி அழுதுக்கிட்டே இருக்கா, பெத்த பொண்ணை எவன் கையில குடுத்தோமோன்னு. நீயே ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போய்யா."

அன்றைக்கு அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்த வேலை வந்தாலும், கொண்டு வந்தவர் சொல்வதைக் கேட்பேன். கையில் பிடிக்கப்போகிறவரையும் பார்த்த பிறகுதான் அளவு எடுப்பேன்.