பால் குலுங்காத டயர்

எண்பத்து மூன்றோ நான்கோ, வருடம் சரியாக ஞாபகமில்லை. மாதம் ஐப்பசி, அது நன்றாக ஞாபகமிருக்கிறது. நாங்கள் அப்போது திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. முன்னால் ஜீப் மூஞ்சி, பின்னால் மூடாத பெட்டி. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து, “இதுக்கு இன்னும் உயிர் இருக்கா?” என்று கேட்டு அந்த மனிதரின் முகத்தை வாட வைத்தவள் நான்.

அந்த வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஒரு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன ஊரிலிருந்து தினமும் காலையில் பால் எடுத்து வந்து, டவுனில் இருந்த பால் குளிரூட்டும் நிலையத்தில் சேர்க்க வேண்டும். எட்டரை மணிக்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள். அவர் வண்டி ஓட்டுவார், நான் பால் அளப்பேன். ஊர்ப் பெண்கள் தூக்கில் கொண்டு வரும் பாலை அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கேனில் ஊற்றுவது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவில் ஒரு சொட்டு முன்னே பின்னே இருக்காது. “பால்காரம்மா கை தராசு முள்ளு மாதிரி” என்று அந்தப் பெண்களே சொல்வார்கள். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

என் கணவர் எனக்கு நேர் எதிர். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. யாராவது டவுனிலிருந்து ஒரு சீப்பு வாங்கி வரச் சொன்னால்கூட, “அம்மாவக் கேட்டுச் சொல்றேன்” என்பார். அம்மா என்றால் அவரைப் பெற்றவர் இல்லை, நான்தான்!

அந்த வருடம் மழைக்கு முன்பே வண்டியின் நாலு டயரும் மொட்டையாகிவிட்டன. ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர, ஏரியை ஒட்டி ஒரு மைல் மண் பாதை. காய்ந்த நாளில் புழுதி, மழை நாளில் களிச்சேறு. போதாததற்கு இன்னொரு வேன்காரர் அந்த ஊர்ப் பாலின் மேல் கண் வைத்திருந்தார். “என்னைக்காவது இவங்க வண்டி வரலன்னா சொல்லுங்க, அன்னையிலேர்ந்து எங்கிட்ட ஊத்துங்க” என்று ஊரில் சொல்லி வைத்திருந்தாராம். ஒரு நாள் பால் கெட்டாலும் அந்த ஊர் எங்கள் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் எங்களுக்கு எப்போதும் இருந்தது.

டயர் வாங்கப் போளூர் ரோட்டிலிருந்த ஒரு பாய் கடைக்குப் போனோம். பரம்பரையாகத் திருவண்ணாமலைக்காரர்கள். அவருடைய தாத்தா காலத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டவர்களாம். டயர் கடைக்குப் பெண்பிள்ளை எதற்கு என்று அங்கே நின்ற இரண்டு லாரிக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் அதையெல்லாம் சட்டை செய்கிற ஆளா?

பாய் எந்த வழியில் வண்டி போகும், எவ்வளவு பாரம் ஏற்றுவோம், சேறு எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மேல் புடைத்திருந்த ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் வெல்லக்கட்டி அளவுக்கு இருந்தது. நடுவில் விரல் முழுக்கப் போகிற அளவுக்குப் பள்ளம். பார்க்கவே முரட்டுத்தனமாக இருந்தது. இன்னொரு பக்கம் வேறு டயர் அடுக்கியிருந்தார். நீளவாக்கில் நாலு கோடு, வழவழவென்று, புதுச் செருப்பு மாதிரி மினுமினுப்பு. நான் இரண்டையும் பானை தட்டிப் பார்ப்பது போல விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். கோடு போட்டதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு நாள் கேனுக்குள் பால் குலுங்கி, மேலே வெண்ணெய் திரண்டு, டவுனில் முகத்தைச் சுளித்தார்கள். இந்த முரட்டு டயரைப் போட்டால் கடகடவென்று ஆட்டி, டவுன் வந்து சேருவதற்குள் மோர்தான் மிஞ்சும் என்று என் கணக்கு. மோர் கடைகிற வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பாய் பொறுமையாகச் சொன்னார். “பால் குலுங்கறது டயர்ல இல்லம்மா, ரோட்ல இருக்கு. களிமண்ல நிக்கணும்னா டயருக்கு நகம் வேணும். இந்தக் கோட்டுக்குள்ள சேறு அப்பிக்கிச்சின்னா மறுபடி மொட்டைதான்.”

விற்காத சரக்கை நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “நீங்க டயர் விக்கறவரு. பால் எங்களுக்குத்தான தெரியும்” என்றேன் வெடுக்கென்று. பாய் முகம் சுருங்கியது. என் கணவர் மட்டும் ஒரு தடவை, “பாய் சொல்றதும் சரிதாம்மா” என்று இழுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவ்வளவுதான், கோடு போட்ட டயர் நாலும் வண்டிக்கு ஏறிவிட்டன. எலுமிச்சம்பழம் நசுக்கி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். தார் ரோட்டில் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. “பாத்தீங்களா?” என்று அடி அண்ணாமலை வருவதற்குள் நாலு தடவை கேட்டிருப்பேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஒரு காலையில் விட்டது. ஊரில் பாலெல்லாம் அளந்து, கேன்களை ஏற்றிக் கட்டிவிட்டுக் கிளம்பினோம். மணி ஆறரை. வரும்போது வண்டி காலி, எப்படியோ தாண்டி வந்துவிட்டோம்; இப்போது பின்னால் முழுப் பாரம். ஊரைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம் போயிருப்போம், பின் சக்கரம் இரண்டும் களியில் இறங்கிவிட்டன. அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சும்மா சுற்றியதே தவிர வண்டி அசையவில்லை. இறங்கிப் பார்த்தேன். கோடு ஒன்றும் தெரியவில்லை. சேறு வழித்துப் பூசி, பாய் சொன்ன மாதிரியே மொட்டைச் சக்கரம்!

பின்னால் இருந்தது அந்த ஊர் முழுவதும் கறந்த பால். வெயில் ஏறிவிட்டால் திரிந்துவிடும்.

வயலுக்குப் போன மூன்று நாலு ஆண்கள் வந்து தள்ளினார்கள். சக்கரம் சுற்றிய சுற்றில் ஆளுக்கொரு குளியல் கிடைத்ததுதான் மிச்சம். பக்கத்து ஊர் டிராக்டரைக் கூப்பிடலாம், பத்து மணிக்கு வரும் என்றார் ஒருவர். அதற்குள் சேதி கேட்டு ஊர்ப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அதில் முன்னால் வந்தவர் நாலு எருமை வைத்திருந்த ஒரு அக்கா. அந்த ஊரில் அதிகமாகப் பால் ஊற்றுகிறவர் அவர்தான். வாயில் எனக்கே அக்கா.

“பத்து மணிக்கு டிராக்டர் வந்து தயிராவா எடுத்துக்கினு போவும்?” என்று அந்த ஆண்களை ஒரு அதட்டுப் போட்டார். அப்புறம் என் கணவரிடம், “யோவ், மொதல்ல வண்டிய நிறுத்து. சுத்தச் சுத்தக் குழிதான் ஆழமாவுது” என்றார். குனிந்து டயரைப் பார்த்தார். “யாருய்யா இந்த டயர வாங்கனது? ஏரிக்குள்ள வர்ற வண்டிக்கு ஏரோப்ளேன் டயரு!”

எல்லாப் பெண்களும் என் கணவரைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டீரிங் பிடித்தபடியே அவர் சொன்னார்: “நான்தாங்க. பாக்க அழகா இருந்துச்சு, வாங்கிட்டேன்.”

திறந்த வாயை நான் அப்படியே மூடிக்கொண்டேன்.

அப்பப்பா, என்ன திட்டு! “அழகு பாக்க நீ என்ன பொண்ணா பாக்கப் போன?” என்றாள் ஒருத்தி. “பொண்டாட்டிய ஒரு வார்த்த கேட்டிருந்தா இந்த ரோதன உண்டா?” என்றாள் இன்னொருத்தி. அந்த வார்த்தை என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவரோ மழையில் நனைந்த கோழி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

எருமைக்கார அக்கா அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். அந்த ஊர்ப் பெண்கள் கார்த்திகை தீபத்துக்கு வருடம் தவறாமல் டவுனுக்கு வந்து அம்மன் தேர் இழுக்கிறவர்கள். எங்கள் ஊரில் அம்மன் தேர் வடத்தைப் பெண்கள்தான் பிடிப்பார்கள், ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. “அம்மன் தேரையே இஸ்துட்டு வரோம், இந்தச் சுண்டைக்காய் வண்டி எம்மாத்திரம்?” என்றார். மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்துக் கயிறு ஒன்று வந்தது. சக்கரத்துக்கு முன்னால் வேர்க்கடலைக் கொடியை அள்ளிப் போட்டார்கள். இரண்டு பேர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு உட்கார்ந்தார்கள், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் போல. கயிற்றில் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். நானும் போய்க் கடைசியில் பிடித்துக்கொண்டேன்.

அவசரப்பட்டு ஒருவரும் இழுக்கவில்லை. அக்கா குரல் கொடுப்பார். எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்போம். வண்டி ஒரு சாண் நகரும். உடனே பின்னால் கட்டை விழும், வந்த தூரம் திரும்பிப் போகாது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குரல். இப்படியே சாண் சாணாக, அந்தச் சேற்றுப் பள்ளம் முழுவதும்; அதைத் தாண்டிவிட்டால் தார் ரோடு வரைக்கும் மேட்டுப் பாதைதான். கெட்டித் தரையில் சக்கரம் ஏறியபோது எல்லோரும் “அரோகரா” என்று போட்ட சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் கிளம்பிவிட்டது. நான் அழுதுவிட்டேன்.

டவுனில் கேட் மூடுவதற்குச் சில நிமிடம் முன்பு பாலைச் சேர்த்தோம். ஒரு கேன்கூடத் திரும்பவில்லை.

வண்டிக்கு வந்து உட்கார்ந்தபிறகுதான் அவரிடம் கேட்டேன், “ஏங்க அப்படிச் சொன்னீங்க?”

அவர் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, “என்னத் திட்டுனா அரை மணியில மறந்துடுவாங்க. உன் கைய நம்பித்தானம்மா பால ஊத்தறாங்க. டயர்ல உன்ன சந்தேகப்பட்டா நாளைக்கு அளவுலயும் படுவாங்க” என்றார். இத்தனை நாள் இந்த மனிதருக்குப் பேசத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பாருங்கள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பாய் கடைக்குப் போகச் சொன்னேன். சேறு பூசிய புடவையோடு போய் நின்றேன். “பாய், நான்தான் அன்னைக்குத் தப்பாப் பேசிட்டேன். அந்த முரட்டு டயர் நாலும் போடுங்க” என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “நாலு எதுக்கும்மா? தள்ற சக்கரம் பின்னாடிதான். அது ரெண்டுக்கும் போட்டாப் போதும். முன்னாடி இந்தக் கோடு போட்டதே இருக்கட்டும், ஸ்டீரிங் லேசா இருக்கும். நீங்க வாங்கனதும் மோசமான டயர் இல்ல, எடம் மாறிப்போச்சி, அவ்ளோதான்” என்றார். விற்காத சரக்கை என் தலையில் கட்டப் பார்த்தவர் இவர்தானாம்! எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கேனைக் கழுத்து வரைக்கும் நிரப்பினால் பால் குலுங்காது என்றும் அவர்தான் சொன்னார். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் அளக்க உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட்டேன், “அக்கா, நேத்து அவரு சொன்னது பொய். அந்த டயர அடம் புடிச்சு வாங்கனது நான்தான்.”

ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியமே இல்லை. எருமைக்கார அக்கா தூக்கை நீட்டியபடி, “எங்களுக்குத் தெரியாதா? என்னைக்காவது நீ வாய மூடி நாங்க பாத்திருக்கோமா? நேத்து மூடனப்பவே தெரிஞ்சிபோச்சி” என்றார்.

“அப்புறம் ஏங்க்கா அந்த மனுஷன அந்தத் திட்டு திட்டுனீங்க?”

“அவரு உன்னக் காப்பாத்தணும்னு ஆசையா முன்ன வந்து நின்னாரு. அதப் போயி கெடுக்கலாமா?” என்றார் அக்கா. “பால அள, நேரமாவுது.”

தூக்கை வாங்கி அளந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்காவின் கணக்கில் ஒரு கை கூடுதலாகவே விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். வண்டியில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் உடைந்தால்கூட, ‘நான்தான்’ என்று இரண்டு பேரும் சேர்ந்தே குரல் கொடுப்போம், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அவரும், அது தெரிந்தும் தெரியாத மாதிரி அவரைத் திட்டிய அந்தப் பெண்களும், அன்றைக்கு அந்தச் சேற்றில் ஒருவர்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பதை நினைத்தால், இத்தனை நீள வாய்க்கும் இன்னும் ஒரு வார்த்தை வருவதில்லை.