சட்டைப்பைக்குள் வந்த அக்கா

போன வருடம் ஐப்பசி மாதம், திருகோணமலையில் மழை தொடங்கியிருந்த நாட்களில் நடந்தது இது. நான் மீன் சந்தையில் ஐஸ் பெட்டி தூக்குகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் பார்க்க வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

அத்தான் இறந்தபிறகு அக்கா வீட்டை விற்றுவிட்டுப் பிரான்சில் இருக்கும் மகளிடம் போனார். போய்ச் சில மாதங்களில் மகள் அழுதுகொண்டு போன் எடுத்தாள்.

"மாமா, அம்மா சாப்பிடுறா இல்லை. ஜன்னலடியில கதிரையைப் போட்டுக்கொண்டு அதிலயே இருக்கிறா. டொக்டர் நோய் வருத்தம் ஒண்டும் இல்லை எண்டுறார். நீங்கள் வீடியோ கோல்ல ஊரைக் கொஞ்சம் காட்டுங்கோவன்."

அடுத்த நாள் வேலை முடிந்ததும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் நடந்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து மீன் விற்கிறவர் விடவில்லை.

"என்ன அண்ணே, நீங்களும் யூடியூப் தொடங்கிட்டீங்களோ? என்ட மூஞ்சியை விட்டுட்டு மீனை வடிவா எடுங்க!"

போனுக்குள்ளிருந்து அக்கா, "டேய், அந்தப் பாரையின்ட கண்ணைப் பார். நேற்றையான் மீன். வாங்கிப்போடாதே" என்றார்.

"அல்லாவே! பிரான்சில இருந்துகொண்டும் என்ட யாவாரத்தைக் கெடுக்கிறீங்களே அக்கா!"

சந்தையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். கடற்கரை ரோட்டில் ஆடுமாடுபோல் படுத்திருந்த மான்களைக் காட்டினேன். அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டாராம்.

அந்த உற்சாகத்தில் இன்னொரு நாள் அக்காவின் பழைய வீட்டுக்கு முன்னால் நின்று காட்டினேன். கேற்றுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முற்றத்துக் கொடியில் யாரோ வீட்டுப் பிள்ளைகளின் உடுப்புகள்.

"போதும்டா தம்பி" என்றார் அக்கா. "இனிக் காட்டாதே. வெளியில நிண்டு எட்டிப் பார்க்கிற மாதிரிக் கிடக்கு."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். கோலை நிறுத்தவேண்டும் என்ற நினைவே இல்லை. பஸ் நிலையத்தில் "மூதூர், மூதூர்" என்று கூவினார்கள். காளி கோயிலில் மணி அடித்தது. என் வீட்டு வாசலுக்கு வந்தபோது பைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"செருப்பு அறுந்திட்டுதோ? ஒரு காலை இழுத்து நடக்கிறாய்."

செருப்பு உண்மையிலேயே அறுந்துதான் இருந்தது.

"இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டோ இருந்தனீங்கள்?"

"ஓம். கண்ணை மூடிக்கொண்டு உன்னோடதான் வந்தனான். கோயிலடியில கும்பிட்டும் போட்டன். இப்ப பசிக்குதடா."

அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அக்கா என் சட்டைப்பைக்குள் வந்தார். நானும் பேசமாட்டேன், அவரும் பேசமாட்டார். கூச்சமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு நான் தனியாக நடக்கிறேன். ஆனால் அக்காவின் வீட்டைக் கடக்கும்போது மட்டும் பையைக் கையால் பொத்திக்கொள்வேன். அங்கே வேறு பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் அவருக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள், அந்த இடத்தில் பொத்திய கைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கையை எடுடா."

"எந்தக் கையை?"

"ஒவ்வொரு நாளும் ஒரு இடத்தில சத்தமெல்லாம் அடங்கிப்போகுது. அதுதான் என்ட வீடு எண்டு எனக்குத் தெரியாதோ?"

கையை எடுத்தேன். பிள்ளைகள் பந்துக்குச் சண்டை பிடித்தார்கள். யாரோ கேற்றைத் திறந்தார்கள். அது கிறீச்சிட்டது.

"இன்னும் அதுக்கு எண்ணெய் விடேல்லை" என்றார் அக்கா. பிறகு வீடு வரும்வரை என் நெஞ்சுக்கு மேல் அவர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இப்போதும் அந்தக் கேற்றடியில் என் கை தானாகவே பைக்குப் போகிறது. அதைக் கீழே இறக்குவதுதான் இங்கே இருந்துகொண்டு அக்காவுக்கு நான் செய்யக்கூடிய ஒரே காரியம் என்று நினைத்தபடி நடக்கிறேன்.