முதல் ரத்தம் என்னுடையது

சர்க்கரை நோய் பரம்பரையாக எப்படி வருகிறது என்று ஆராயும் குழுவில் வேலை செய்கிறேன். ரத்த மாதிரி கேட்டு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்துக்குப் போயிருந்தோம். எவ்வளவு விளக்கியும் யாரும் கை நீட்டவில்லை. மாதிரி கிடைக்காவிட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும்.

"ஏனுங்க, மொதல்ல உங்க ரத்தத்த எடுத்துக் காட்டுங்க," என்றார் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மா.

கம்பீரமாகச் சட்டைக் கையைச் சுருட்டினேன். நர்ஸ் ஊசி குத்தியதும் மயங்கி விழுந்தேன்.

கண் விழித்தபோது அந்த அம்மா முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஊரே சிரித்தபடி வரிசையில் நின்றது.

"நொம்பப் பயந்துட்டீங்களாட்ட இருக்குது சாமி. படுத்துக்கங்க, நாங்க குடுக்கறமுங்க."

இப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போனாலும், ஊசி என்றால் எனக்கும் பயம் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்.