வசந்தியை என் பிள்ளை என்று சொன்ன நாள்

மலேசியாவில் லகாட்டைத் தாண்டியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று "பசியாறியாச்சா?" என்று கேட்டார். எங்கள் அறந்தாங்கிப் பக்கத்தில் பட்டினி கிடந்தவர்தான் பசியாறுவார். புருஷன் வீட்டில் எனக்குச் சோறு போடவில்லை என்று பேச்சாகிவிட்டதோ என்று பயந்து, "நாங்க ஒண்ணும் பட்டினி கெடக்கல" என்று சொல்லிவிட்டேன். இங்கே காலை உணவு சாப்பிடுவதையே அப்படிச் சொல்வார்கள் என்று என் கணவர் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சொல் சிரிப்போடு போயிற்று. இன்னொரு சொல் அப்படிப் போகவில்லை.

கணவர் தோட்டத்து லோரி ஓட்டினார், இங்கேயே பிறந்தவர். எனக்கு வேலை பெர்மிட் வாங்கி ஆயாக்கொட்டகையில் சேர்த்துவிட்டார். பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் விடியும்போதே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வேலை முடிந்து தூக்கிப் போவார்கள். ஊரில் வயலுக்குப் போகிறவள் பிள்ளையை மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டு, கூப்பிடு தூரத்தில் வேலை செய்வாள். இங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் பாதிக் காடு இருந்தது. என்னிடம் இருந்த இருபது பிள்ளைகளில் மாரிக்கண்ணுவின் மகள் வசந்திக்கு மூன்று வயது. மாரிக்கண்ணுவும் எங்கள் பக்கத்துக்காரிதான். புருஷன் சுப்பையாவோடு விசிட் பாஸில் கப்பலேறி வந்து, பாஸ் முடிந்த பிறகும் காண்ட்ராக்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தாள். வசந்தி தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பிறப்பைப் பதியப் போனால் பாஸைக் கேட்பார்கள் என்று பதியவே இல்லை.

ஒருநாள் பால் நிறுக்கும் நேரத்தில், பாஸ் இல்லாதவர்களைப் பிடிக்க இரண்டு போலீஸ் லோரிகள் வந்தன. காண்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் ஆயாக்கொட்டகை முன்னால் நிறுத்தினார்கள். சுப்பையாவை முதலிலேயே ஏற்றிவிட்டார்கள். மாரிக்கண்ணு பால்வாளியைக்கூடக் கீழே வைக்காமல் எனக்கு இரண்டடி தள்ளி நின்றாள். அதிகாரி என் அண்ணன் வயதுக்காரர். கத்தவில்லை, மிரட்டவில்லை. "சியாப்பா அடா அனாக் கெச்சில், திங்கால் டூலு" என்று மலாயில் சொன்னார்.

"அக்கா, என்ன சொல்றாரு?" என்று மாரிக்கண்ணு கேட்டாள்.

யாருக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறதோ, என்பதுவரை எனக்குப் புரிந்தது. திங்கால் என்ற சொல்லை நான் பஸ் ஸ்டாண்டில் கற்றிருந்தேன். பஸ் நம்மை விட்டுவிட்டுப் போனால் கணவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். "புள்ள இருக்கவங்க புள்ளய விட்டுட்டுப் போகணுமாம்" என்றேன். யாரும் கேட்காமலே, "வெல்பேர் விடுதிக்குக் கொண்டுபோயிருவாங்க போல" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குள் வசந்தி ஓடிப்போய் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி குனிந்து பார்த்து, யார் பிள்ளை என்று கேட்டார். மாரிக்கண்ணு தனக்குப் பிள்ளை இல்லை என்றாள். நான் முன்னால் போய், "அனாக் சாயா" என்றேன், என் பிள்ளை என்று. வசந்தி விடவில்லை. மாரிக்கண்ணு அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "ஆயாகிட்டப் போ. நான் ஒன் அம்மா இல்ல" என்றாள். அதிகாரி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உண்மைதானா என்று இரண்டாம் முறையும் கேட்டார். அவள் தலையாட்டினாள். வாளியை என் காலடியில் வைத்துவிட்டு லோரியில் ஏறினாள்.

லோரிகள் போன பிறகுதான் பார்த்தேன். இந்தோனேசியாவிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள், அவர்களும் காண்ட்ராக்ட் ஆட்கள்தான், இடுப்பில் பிள்ளையோடு அதே திடலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மலாய் தெரியும்.

என் கணவர் வந்து அவர்களிடம் விசாரித்தார். "திங்கால்னா இருங்கன்னும் அர்த்தம் இருக்குலா. புள்ளைக்காரங்கள விசாரணை வரைக்கும் இங்கயே இருக்கச் சொல்லியிருக்கான்" என்றார்.

"வாங்க, இப்பவே ஈப்போ ஆபீசுக்குப் போயிச் சொல்லிருவோம்."

"என்னன்னு சொல்லுவ? அதிகாரிகிட்டப் பொய் சொன்னேன்னா? ஒன் பெர்மிட் முடிய இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் தடுத்தார் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நான்தான் எழுந்திருக்கவில்லை. புதுப் பெர்மிட் கைக்கு வந்த பிறகு போனோம். பினாங்கிலிருந்து கப்பலேற்றி அனுப்பியாயிற்று என்றார்கள்.

ஊரிலிருந்து மாரிக்கண்ணுவின் முதல் கடிதம் யாரோ எழுதிக்கொடுத்து வந்தது. 'அக்கா, அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னா என் புள்ள எந்த விடுதில கெடந்து அழுதிருக்குமோ. எங்க கொலசாமி நீங்க' என்றிருந்தது. வசந்தி நலம் என்று பதில் போட்டேன். பிள்ளையை அனுப்பப் பாஸ்போர்ட் வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்று வேண்டும், அதற்குப் பெற்றவள் வர வேண்டும். பெற்றவள் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. நான் ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்தோம். வசந்தி ஆறாம் வகுப்போடு நின்று, தையல் கடையில் பட்டன் கட்டுகிறாள். ரோட்டில் காக்கிச்சட்டை தெரிந்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்து எதையாவது கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு நிற்பாள். என்னை ஆயா என்றுதான் கூப்பிடுகிறாள். ஒருநாள் கேட்டாள்: "ஆயா, நான் அவங்க புள்ள இல்லேன்னு சொன்னாங்கதானே?" உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்றேன். யார் பேச்சைக் கேட்டுச் சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை.

சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது மாரிக்கண்ணுவைத் தேடிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சுப்பையா வேலைக்குப் போயிருந்தார். வசந்திக்குப் பிறகு பிறந்த இரண்டு பையன்களும் ஓடிவந்து நின்றார்கள். மாரிக்கண்ணு என் காலைத் தொட்டாள். கொண்டுபோயிருந்த போட்டோவைப் பையன்களிடம் காட்டி, "ஒங்க அக்காடா" என்றாள். பிறகு உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்தாள். குடும்பத்தில் ஐந்து பேர். மூன்றாவது பெயர் வசந்தி.

"தலையாரி கால்ல விழுந்து சேத்தேன், அக்கா. அவ பங்குக்கும் சீனி போடுறாங்க" என்றாள்.

அந்தச் சீனியைப் போட்டுத்தான் எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். முழுவதையும் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே கிளம்பினேன்.