மஞ்சள் டைமண்ட்

விஜயராணி மிஸ்ஸுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, பாலக்கரையில் ஒரு நர்சரி ஸ்கூலில் பத்தொன்பது வருஷமாக யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வட்டம், சதுரம், முக்கோணம் சொல்லிக்கொடுப்பவள். வடிவப் பாடம் என்றால் விஜயராணி மிஸ்தான் என்பார்கள் மற்ற டீச்சர்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அட்டைகளைக்கூடக் கடையில் வாங்க மாட்டாள், தன் கையாலேயே வெட்டி ஒட்டுவாள்.

அன்று மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன?"

"டைமண்ட்!" என்று வகுப்பே கத்தியது. அஃபீஃபா மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, "சதுரம் மிஸ். சாச்சு வச்சிருக்கீங்க" என்றாள்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். விஜயராணிக்குச் சுருக்கென்று ஏறியது. "எனக்கே பாடம் எடுக்கிறியா? எந்திரிச்சு நில்லு!" மணி அடிக்கும்வரை நின்றது அந்த ஐந்து வயசுப் பிள்ளை.

எல்லாரும் போன பிறகு விஜயராணி அட்டையில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். நாலு பக்கமும் ஒரே அளவு, நாலு மூலையும் நேர். சாட்சாத் சதுரம். வெட்டச் சுலபம் என்று சதுரமாக வெட்டி, சாய்த்து ஒட்டி, கீழே டைமண்ட் என்று எழுதியது அவள்தான். எத்தனை வருஷத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். எங்கே சொன்னாள்? முப்பது பிள்ளைகள் முன்னால் எப்படி என்று ஒரு நாள் போனது, ஆண்டு விழா ஒத்திகை என்று இரண்டு நாள் போனது.

வெள்ளிக்கிழமை காலை அஃபீஃபாவின் அத்தா சர்ஃபராஸ் மகளோடு வந்தார். டைல்ஸ் ஒட்டுபவர். நகக்கண்ணில் சிமென்ட் காய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மிஸ். தப்பு என் பேர்லதான். டைல்ஸைச் சாச்சு ஒட்டுவோம்ல, எப்படித் திருப்பினாலும் சதுரம் சதுரம்தான்னு நான்தான் இதுகிட்ட சொல்லிவச்சேன். மிஸ் படிச்சவங்க, அவங்க சொல்றதுதான் சரின்னு சொல்லி, டைமண்டுன்னு நோட்டு முழுக்க எழுத வச்சுட்டேன்."

விஜயராணி கூனிக் குறுகிப் போனாள். தினமும் சதுரத்தைக் கையில் பிடித்துப் பிழைக்கிற மனுஷன், அவளுக்காகத் தன் மகளிடம் தன் தொழிலையே பொய்யாக்கியிருக்கிறார்.

"இல்லைங்க, பிள்ளை சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா சொல்லிக்கொடுத்தேன்" என்றாள்.

"உங்க பெரிய மனசு மிஸ்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அவர். நம்பவேயில்லை.

விஜயராணி அன்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி தன் தப்பைச் சொன்னாள். பிறகு அஃபீஃபாவை அருகில் நிறுத்தி, அட்டையை நேராகத் திருப்பிப் பிடித்தாள். "இப்போ நீ சொல்லு கண்ணு, இது என்ன?"

பிள்ளை அட்டையைப் பார்க்கவில்லை. மிஸ்ஸின் முகத்தையே பார்த்தது.

"நீங்க சொல்லுங்க மிஸ். நான் அதையே சொல்றேன்."