பெட்ரோல் பங்க் மண்ணும் பக்கத்து வீட்டுத் தண்ணீரும்

கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகப்படும் மண்ணையும் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. சொந்த வீட்டுக் குழாயையே மோந்து பார்க்கும் வியாதி இதில் இலவசம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை வேங்கிக்கால் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்குக்கு என்னை அனுப்பினார்கள். பூமிக்கடியில் இருந்த டேங்க் கசிந்து, சுற்றியுள்ள புது வீடுகளின் போர் தண்ணீரில் கலந்திருக்குமோ என்று பயம். துணைக்கு டிரைவர் சேகர் அண்ணன்.

கிணறு வெட்டப் பெட்ரோல்

துளை போடும் இரும்புத் திருகுக்கம்பியை மண்ணில் இறக்கி முறுக்க ஆரம்பித்ததுமே கூட்டம் கூடிவிட்டது. புதையல் என்றார் ஒருவர், செல்போன் டவர் என்றார் இன்னொருவர். மேலே வந்த மண் கறுப்பாக இருந்தது. பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டத்தில் நின்ற பனியன் போட்ட பெரியவர் முகம் மட்டும் பிரகாசமாகிவிட்டது.

"நாலு மனை தள்ளிதாம்மா நம்ம இடம். அங்கயும் வருதானு பார்த்து சொல்லு, நாளைக்கே போர் போட்டுடறேன்!"

டிரம்மில் போன தண்ணீர்

அடுத்தது பக்கத்து வீடு ஒன்றின் தண்ணீர். போர் குழாயைத் திறந்ததும் வருவதைப் பிடிக்கக் கூடாது. குழாயில் தேங்கி நிற்பது போய், பூமியிலிருந்து புதிதாக வருவதைத்தான் பிடிக்க வேண்டும். சந்தேகத் தண்ணீர் என்பதால் தரையிலும் விடாமல் டிரம்மில் நிரப்பினோம். அந்த வீட்டு அம்மாள் வாளிகளோடு ஓடிவந்தார். "வேணாங்க, துணி துவைக்கக்கூட எடுக்காதீங்க" என்றேன். கடைசியில் நான் கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, துளி காற்றுக்குமிழி இல்லாமல் மூடியதை அவர் முறைத்துப் பார்த்தார்.

"துணிக்கே ஆகாத தண்ணிய எதுக்கும்மா இவ்ளோ பத்திரமா புடிக்கிற?"

பௌர்ணமியில் ஐஸ் பெட்டி

ஒப்பிட்டுப் பார்க்க, பங்கிலிருந்து தொலைவில் ஒரு நல்ல கிணற்றுத் தண்ணீரும் வேண்டும். அதற்கு அடி அண்ணாமலை போனோம். பௌர்ணமி என்பதை இரண்டு பேரும் மறந்திருந்தோம். திரும்பும்போது கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகரவில்லை, பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. சூடேறினால் அத்தனை பாட்டிலும் வீண். சேகர் அண்ணன் ஜூஸ் கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கிவந்தார். ஓரமாகப் பெட்டியைத் திறந்து கொட்டி நிமிர்ந்தால், எதிரே வரிசை! பழுப்பு பாட்டில்களைப் பார்த்து, யாரோ தானம் செய்கிறார்கள் என்று நின்றுவிட்டார்கள். "இது குடிக்கிறது இல்லைங்க, கெட்டது" என்றேன். முதலில் நின்ற அம்மாள் நகரவில்லை.

"கசாயம்தானே? கசந்தாலும் பரவால்ல, ஒரு வாய் ஊத்தும்மா."

மல்லிகா அக்கா

பங்கை ஒட்டினாற்போல் டிபன் கடை வைத்திருந்தவர் மல்லிகா அக்கா. இட்லி மாவிலிருந்து காபி வரை அவர் வீட்டுப் போர் தண்ணீர்தான். அங்கேயும் பாட்டிலில் பிடித்திருந்தோம். ரிசல்ட் வந்தபோது அந்தத் தண்ணீரில் பெட்ரோல் கலந்திருப்பது உறுதியானது. முறைப்படி தகவல் போகும்தான். ஆனால் பிரசவத்துக்கு அவர் மகள் வந்திருப்பது எனக்குத் தெரியும். நேரில் போய்ச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தார். உள்ளே போய், மகள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினார். "வாடை வந்துச்சு. புது பெயிண்ட்டுனு நெனச்சேன்" என்றார்.

போரை மூடிவிட்டார்கள், தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது, கடை மறுபடி திறந்தது. மகளுக்கு ஆண் குழந்தை, நல்ல சுகம். அடுத்த முறை மண் எடுக்கப் போனபோது அக்கா காபி நீட்டினார். கை தானாக ஒரு நொடி தயங்கிவிட்டது. அவர் சிரித்துவிட்டார்.

"லாரித் தண்ணிதான், பயப்படாத. வேணும்னா பாட்டில்ல புடிச்சிட்டுப் போய் பார்த்துட்டு, அப்புறம் வந்து குடி!"

ஒன்றும் கலக்கவில்லை என்றால் 'இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்றும், கலந்திருந்தால் நாங்களே கொண்டுவந்து ஊற்றியதுபோலவும் பார்க்கிற உலகத்தில், பாட்டிலோடு சேர்த்து வாயையும் இறுக்கமாக மூடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இந்த வேலை லாயக்கு.