உமிச்சாம்பல் மேடு

எனக்கு எழுத்து சரியாக வராது. நாலாவது வரைதான் படித்தேன், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

த்வாண்டே கால்வாய் ஓரத்துப் பழைய அரிசி மில்லை இரும்புக்காக வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகன் என்னை ரங்கூன் பபேடானிலிருந்து கூட்டிப்போனான். புகைபோக்கி பாதிதான் நிற்கிறது. பாய்லர் வயிறு கிழிந்து கிடக்கிறது. பின்னால் இருந்த சாம்பல் மேட்டில் வாழை முளைத்திருக்கிறது. குடிபோதையில் ஒரு மேஸ்திரி இதில் விழுந்து வெந்தார் என்று அங்கே ஒருவர் சொன்னார். அவர் அன்றைக்குக் குடிக்கவில்லை. அவரை அதில் ஓடவைத்தது நான்.

மில் உமியை எரித்துத்தான் ஓடியது. என் வீட்டுக்காரர் பாய்லருக்கு உமி தள்ளுவார். நான் சாம்பலைக் கூடையில் சுமந்து பின்னால் கொட்டுவேன். மேடு பார்க்க ஆறிப்போனதுபோல இருக்கும், உள்ளே நாள்கணக்கில் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். நடக்க ஓரமாகப் பலகை போட்டிருப்போம். சாம்பல் மூடி அது வெளியே தெரியாது. சுமக்கிற பெண்களுக்கு மட்டும் கால் பழகியிருக்கும்.

ஒருநாள் ஈர உமி வந்து, ஆவி இறங்கி மில் நின்றுவிட்டது. மேஸ்திரி அறுந்த பெல்ட் துண்டால் வீட்டுக்காரரை அடித்தார். காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. விழுந்த பிறகும் தலையிலேயே அடித்தார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் நாலு அடி விழுந்தால் செத்துப்போவார் என்று தெரிந்தது. யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள் நான். சாம்பல் இழுக்கும் இரும்புக் கோலை எடுத்து மேஸ்திரியின் முதுகில் போட்டேன்.

"மொதல்ல ஒன்னத்தான்டி கொல்லணும்" என்று துரத்தினார்.

கால்வாய்ப் பக்கம் ஓடியிருக்கலாம். பலகைமேல் ஓடினேன். அவர் என்னைப் பிடிக்க மேட்டின் குறுக்கே பாய்ந்தார். இரண்டு காலும் முழங்கால் வரை உள்ளே போய்விட்டன. அவர் கத்தியது மில்லெல்லாம் கேட்டது.

வீட்டுக்காரர் ரத்தத்தோடு தவழ்ந்து வந்தார். "கோல நீட்டு புள்ள, புடிச்சுக்கட்டும்."

"வேகட்டும்" என்றேன்.

"நான் சொல்றேன், நீட்டு."

நீட்டினேன். உடனே நீட்டவில்லை. இழுத்தபோது கெண்டைக்காலில் தோல் இல்லை. படகில் போட்டு ரங்கூன் கொண்டுபோனார்கள். தவறி விழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்த வாரமே நாங்கள் ஊரைவிட்டு வந்துவிட்டோம்.

வீட்டுக்காரர் சாகும்வரை இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

அந்த மில்லில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துப் பார்த்து, நான் தப்பாக எழுதியதைத் திருத்துங்கள். அந்த மேஸ்திரி பிழைத்தாரா என்பதையும் விசாரித்துச் சொல்லுங்கள்.